சட்டகத்துக்குள் ஒரு குளம்: இணையப் பக்கப் படங்களுக்கு நீர்ப் பிரதிபலிப்பு சேர்க்கும் முறை

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்த ஒரு கோடையில் நான் எடுத்த படம் ஒன்று என் கணினியில் இருக்கிறது. நடுவில் மைய மண்டபம், அதைச் சுற்றி மரங்கள், கீழே வெடித்த தரையில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்கள். அந்தத் தரையை வெட்டி நீக்கிவிட்டு, மண்டபத்தின் அடிச்சுவரிலிருந்து கீழ்நோக்கி நீர் அலைவது போல் ஒரு பிரதிபலிப்பை உண்டாக்கி, மேலும் கீழும் சேர்த்து ஒரே சட்டகத்துக்குள் அடைத்து இணையப் பக்கத்தில் வைப்பது எப்படி என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டு எண்கள் எல்லாம் அந்தப் படத்துக்கு நான் வைத்தவை. உங்கள் படத்துக்கு ஏற்ப அவற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

இந்த உத்தி இணையத்துக்குப் புதியதன்று. படத்தின் கீழ்ப் பாதியில் ஏரி நீர் அலைவது போல் காட்டும் ஜாவா ஆப்லெட்டுகள் (பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்கள்) ஒரு காலத்தில் தனிமனிதர்களின் இணையதளங்களிலும் வாழ்த்து அட்டைப் பக்கங்களிலும் நிறையவே இருந்தன. குரோம் 2015-இலும் ஃபயர்பாக்ஸ் 2017-இலும் ஜாவா செருகுநிரலுக்கான ஆதரவை நிறுத்தியபின் அவை அனைத்தும் சாம்பல் நிறக் கட்டங்களாகிவிட்டன. பழைய ஆப்லெட் கோப்பை எங்கிருந்தாவது தேடியெடுத்துப் பயன்படுத்த முயல வேண்டாம். அதே வேலையை இன்று எந்தச் செருகுநிரலும் இல்லாமல், உலாவியில் உள்ள வசதிகளைக் கொண்டே, அதைவிட நன்றாகச் செய்ய முடியும்.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் குறிமுறைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் குளத்தைப் பார்க்க வேண்டும்

குறிமுறையைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தில் ஏதாவது ஒரு குளக்கரையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது, பத்துப் பயிற்சிக் காணொளிகளைப் பார்ப்பதைவிட மேலானது என்பது என் உறுதியான எண்ணம். இணையத்தில் காணும் பெரும்பாலான நீர்ப் பிரதிபலிப்புகள் செயற்கையாகத் தோன்றுவதற்குக் காரணம் குறிமுறைப் பிழை அன்று; நீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனிக்காமல் எழுதியதுதான். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, எதிர்க்கரையை ஒட்டிய நீரில் பிரதிபலிப்பு பளிச்சென்று இருக்கும்; நம் காலடிக்கு நெருங்க நெருங்க அது மங்கி, நீரின் சொந்த நிறம் மேலோங்கும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆகவே, நேர் செங்குத்தாகக் குனிந்து பார்க்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 2 விழுக்காடு ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. பார்வை நீர்ப்பரப்பை ஒட்டிச் சாயச் சாய அந்த அளவு கூடிக்கொண்டே போய், கடைசியில் ஏறக்குறைய முழுக் கண்ணாடியாகிவிடுகிறது. ஒளியியலில் இதைப் ஃபிரெனெல் விதிகள் விளக்குகின்றன. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: பிரதிபலிப்பு மேலே அழுத்தமாகத் தொடங்கிக் கீழே போகப் போகக் கரைய வேண்டும். வெறும் அழகுக்காகச் செய்வது என்று பலர் நினைக்கும் இந்த மங்கலுக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது.

இரண்டாவது, அலைகள் தொலைவில் நெருக்கமாகவும் அருகில் அகலமாகவும் தெரியும். நீர்க்கோட்டின் அருகே மெல்லிய கீற்றுகள், சட்டகத்தின் அடியில் அகன்ற மடிப்புகள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் அலை வைத்தால் அது குளமாகத் தெரியாது, தொங்கவிட்ட திரைச்சீலையாகத்தான் தெரியும்.

மூன்றாவது, பலர் தவறவிடுவது. இரவில் குளத்தின் அக்கரையில் எரியும் தெருவிளக்கின் வெளிச்சம் நீரில் வட்டமாக விழுவதில்லை. நம்மை நோக்கி நீண்ட ஒரு கோடாக விழுகிறது. தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போது சிற்றலைகள் பிம்பத்தை மேலும் கீழுமாகத்தான் அதிகம் இழுக்கின்றன. பக்கவாட்டில் இழுப்பது மிகக் குறைவு. எனவே நம் குறிமுறையும் படத்தைச் செங்குத்தாகத்தான் அசைக்க வேண்டும். இடவலமாக நெளியும் பிரதிபலிப்பு, சூடான தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் போலிருக்கும்.

நான்காவது, நீரில் தெரியும் பிம்பம் மூலத்தைவிட மங்கலாக இருக்கும்: வெள்ளை சற்றுக் கறுத்தும் கறுப்பு சற்று வெளுத்தும் தெரியும். கோயில் குளத்து நீருக்கு ஒரு பச்சைச் சாயல் உண்டு. கடல் நீலத்தை அதன்மேல் பூசினால் பொய் உடனே வெளிப்பட்டுவிடும்.

படத்தைத் தேர்ந்து தயாரித்தல்

எல்லாப் படங்களுக்கும் இது பொருந்தாது. தொலைவிலிருந்து, கண்மட்டத்தில் அல்லது அதற்குத் தாழ்வாக எடுத்த படங்களே ஏற்றவை. மாடியிலிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தைக் கவிழ்த்து ஒட்டினால், மண்டபத்தின் மேற்கூரை நீரிலும் தெரியும். உண்மையான நீரோ பொருளைக் கீழிருந்து பார்ப்பது போலக் காட்டும் என்பதால், அங்கே தெரிய வேண்டியது கூரையின் அடிப்பக்கம். அதே காரணத்தால், கரைக்கு வெகுதூரம் பின்னால் நிற்கும் மரங்களும் கோபுரங்களும் உண்மை நீரில் சுருங்கித் தெரியும் அல்லது மறைந்தே போகும். தட்டையான ஒரு படத்தைக் கவிழ்ப்பதால் இதைக் கொண்டுவர முடியாது. எனவே முன்னால் நிற்கும் ஒரே பொருள் படத்தை ஆள்கிற காட்சியாகத் தேர்ந்தெடுங்கள்.

வெட்டும் இடம் மிக முக்கியமானது. நீர் எங்கே தொடங்க வேண்டுமோ அந்தக் கோடு கிடைமட்டமாக இருக்க வேண்டும். படம் ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் மேலும் கீழும் சேரும்போது ஒரு பக்கம் மடித்த காகிதம் போலத் தோன்றும்; முதலில் நிமிர்த்தி, பிறகு வெட்டுங்கள். என் படத்தில் மண்டபத்தைத் தாங்கும் திட்டின் அடிச்சுவர் நீளமான நேர்கோடாக இருந்தது, அதன் காலடியிலேயே வெட்டினேன். வெட்டிய பிறகு அளவு 720-க்கு 480 பிக்சல். கூர்மையான திரைகளுக்காக 1440-க்கு 960 அளவில் கோப்பைச் சேமித்துக்கொண்டேன். மூலையில் பெயரோ தேதியோ பொறிக்கப்பட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்; தலைகீழ் எழுத்து நீரின் மாயத்தை ஒரே நொடியில் கலைத்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. வறண்ட குளத்தில் நீரைக் காட்டும் படம் அலங்காரப் பக்கத்துக்கும் விழா அழைப்புக்கும் சரி. செய்திக்கோ ஆவணத்துக்கோ அது கூடாது. படத்தின் கீழே உள்ள விளக்க வரியில் நீர் கணினியில் சேர்க்கப்பட்டது என்று எழுதிவிடுங்கள். மதுரைக்காரர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் குளம் நிறைந்துவிட்டது என்று மகிழ்ந்து ஏமாறக் கூடாது.

சட்டகம்

நீருக்குச் சட்டகம் ஏன் வேண்டும் என்றால், பிரதிபலிப்பு எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு அதுதான் விடை. சட்டகம் இல்லாத பிரதிபலிப்பு பக்கத்தின் வெள்ளைக்குள் கரைந்து, பளபளப்பான மேசையின்மேல் வைத்த பொருளைப் போலத் தோன்றும். சட்டகத்துக்குள் வந்தவுடன் அது ஒரு சன்னலாகிவிடுகிறது. அந்தச் சன்னலுக்கு வெளியேயும் குளம் தொடர்கிறது என்று கண் நம்பிக்கொள்கிறது.

அமைப்பு இதுதான். வெளியே ஒரு ஃபிகர் உறுப்பு. அதற்குள் சட்டகத்துக்கான டிவ் (பெட்டி போன்ற பகுதி) ஒன்று. 14 பிக்சல் தடிமனில் மரப் பழுப்பு நிற பார்டர், அதன் உட்புறம் 10 பிக்சல் பேடிங், பின்புலம் தந்த வெள்ளை. கடையில் படத்துக்குச் சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையே வைக்கும் வெள்ளை அட்டையை அந்தப் பேடிங் ஒத்திருக்கும். அந்த டிவ்வுக்குள் காட்சிக்கென்று இன்னொரு டிவ். அதற்கு பொசிஷன் ரிலேட்டிவ், ஓவர்ஃப்ளோ ஹிட்டன். காட்சிக்குள் மேலே மூலப் படமும் கீழே நீருக்கான டிவ்வும் இருக்கும். சட்டகத்துக்கு வெளியே, ஃபிகருக்குள்ளேயே, விளக்க வரிக்கான ஃபிக்கேப்ஷன். பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் என்று வைத்திருந்தால், காட்சி 720 பிக்சல் அகலம் பெறுவதற்குச் சட்டகத்தின் மேக்ஸ்-விட்த் 768 பிக்சல் ஆக இருக்க வேண்டும்.

மூலப் படத்துக்கு விட்த் 100 விழுக்காடு, ஆஸ்பெக்ட்-ரேஷியோ 3/2. நீருக்கு ஆஸ்பெக்ட்-ரேஷியோ 12/5. முழு அகலத்தில் படம் 480 பிக்சல், நீர் 300 பிக்சல் உயரம் கொள்ளும். கைப்பேசியில் இரண்டும் சேர்ந்தே சுருங்கும்; படம் இறங்குவதற்கு முன்பே இடம் ஒதுக்கப்பட்டுவிடுவதால் கீழே உள்ள எழுத்துகள் துள்ளாது. நீரின் உயரம் படத்தின் உயரத்தில் பாதிக்குக் குறையாமலும் முக்கால் பங்குக்கு மிகாமலும் இருப்பது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. படத்துக்குச் சமமான உயரம் வைத்தால் சீட்டுக்கட்டு ராஜாவைப் போல எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போய்விடும்.

இங்கே இரண்டு சிறு பொறிகள் உள்ளன. மூலப் படத்துக்கு டிஸ்ப்ளே பிளாக் என்று எழுத மறந்தால், உலாவி அதை ஓர் எழுத்தைப் போல வரியில் உட்காரவைத்து, எழுத்தின் கீழ்க்கொம்புகளுக்கான இடத்தை அடியில் விட்டுவிடும். நான்கைந்து பிக்சல் அளவுள்ள அந்த வெள்ளைக் கீற்று சரியாக நீர்க்கோட்டில் வந்து விழும். முதன்முதலில் இதைச் செய்தபோது அந்தக் கீற்றை, நிறம் மெல்ல மாறும் பூச்சான என் கிரேடியன்ட்டின் குற்றம் என்று நினைத்து ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். இரண்டாவது பொறி, சட்டகத்தின் உள்நிழல். இன்செட் பாக்ஸ்-ஷேடோவைக் காட்சி டிவ்வுக்கே கொடுத்தால் அது படத்துக்கு அடியில் வரையப்பட்டுக் கண்ணுக்கே தெரியாது. காட்சி டிவ்வின் ஆஃப்டர் போலி உறுப்பை இன்செட் 0 என்று முழுவதும் பரப்பி, நிழலை அதற்குக் கொடுத்து, சுட்டியின் வேலைக்குக் குறுக்கே வராதபடி பாய்ன்டர்-ஈவென்ட்ஸ் நன் என்று சேர்க்க வேண்டும். 18 பிக்சல் மங்கலும் 35 விழுக்காடு கறுப்பும் போதுமானவை.

அசையாத நீர்

சஃபாரி உலாவியின் வெப்கிட் 2008-இல் அறிமுகம் செய்த வெப்கிட்-பாக்ஸ்-ரிஃப்ளெக்ட் என்ற பண்பு ஒரே வரியில் பிரதிபலிப்பைத் தந்துவிடும். குரோமிலும் எட்ஜிலும் கூட அது வேலை செய்கிறது. ஆனால் அது தரநிலையாகவில்லை, ஃபயர்பாக்ஸில் இல்லை. அதைவிட நமக்குப் பெரிய தடை, அந்தப் பிரதிபலிப்பு பக்க அமைப்பில் இடம் பிடிப்பதில்லை என்பது: கீழே உள்ள பத்தியின்மேல் போய் விழும் அல்லது சட்டகத்தின் ஓவர்ஃப்ளோ ஹிட்டனில் வெட்டுப்படும். அதன்மேல் தனியாக அலை சேர்க்கவும் வழியில்லை. எனவே அதை விட்டுவிடுகிறேன்.

நீர் டிவ்வுக்குள் அதே படக் கோப்பை இரண்டாம் முறை வைத்து, டிரான்ஸ்ஃபார்மில் ஸ்கேல்ஒய் -1 கொடுத்துக் கவிழ்ப்பதே உறுதியான வழி. கோப்பு ஒன்றே என்பதால் இருமுறை தரவிறங்காது. இந்த இரண்டாம் படத்தின் ஆல்ட் (படத்துக்கான மாற்று உரை) வெறுமையாக இருக்கட்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் மண்டபத்தின் விவரத்தை இருமுறை கேட்க வேண்டியதில்லை. நீர் டிவ் 300 பிக்சல் உயரம், கவிழ்ந்த படம் 480 பிக்சல். எஞ்சிய 180 பிக்சல் வெட்டுப்படுவதற்காக நீர் டிவ்வுக்கும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் கொடுங்கள். உயரத்துக்கு ஏற்றபடி படத்தை நசுக்க வேண்டாம்.

மங்கலுக்கு மாஸ்க்-இமேஜ் பண்பில் லீனியர்-கிரேடியன்ட். அதைக் கவிழ்ந்த படத்துக்குக் கொடுப்பதா, நீர் டிவ்வுக்குக் கொடுப்பதா என்பதில் கவனம் தேவை. உலாவி முதலில் மாஸ்க்கைப் போட்டுவிட்டுப் பிறகுதான் கவிழ்க்கிறது. அதனால் கவிழ்ந்த படத்துக்குக் கொடுத்தால் திசையைத் தலைகீழாக எழுத வேண்டியிருக்கும். நான் நீர் டிவ்வுக்குள் இன்னொரு சுற்று டிவ் வைத்து, அதற்குக் கொடுத்துவிடுவேன்: மேலே 90 விழுக்காடு, அடியில் 35 விழுக்காடு. முழுவதும் கரைந்து மறைய விடக் கூடாது. அடியில் நீர் டிவ்வின் பின்புல நிறமும் பிம்பமும் கலந்து தெரிய வேண்டும். அந்தப் பின்புலத்துக்குப் படத்திலுள்ள நிழற்பகுதியிலிருந்தே ஒரு கரும்பச்சையை எடுத்துக்கொண்டேன். கவிழ்ந்த படத்துக்கு ஃபில்டர் பண்பில் பிரைட்னெஸ் 0.85, சாச்சுரேட் 0.8.

கடைசியாக நீர்க்கோடு. நீர் தொட்ட கல் ஈரத்தில் கறுத்திருக்கும். நீர் டிவ்வின் மேல் விளிம்பில் 6 பிக்சல் உயரத்துக்குக் கறுப்பிலிருந்து ஒன்றுமில்லாமைக்குப் போகும் ஒரு மெல்லிய கிரேடியன்ட் வைத்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இரு படங்கள் அந்த ஒரு கோட்டால் ஒரே இடமாக மாறுவதைக் காணலாம்.

அசையாத நீரில் சிற்றலை

காற்றில்லாத விடியற்காலைக் குளமாக இருந்தால் மேற்சொன்னதே போதும். லேசான காற்று வேண்டுமானால் எஸ்விஜி வடிகட்டி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு வேண்டிய சொரசொரப்பை எஃப்ஈ-டர்புலன்ஸ் உண்டாக்கித் தரும். கென் பெர்லின் 1985-இல் வெளியிட்ட இரைச்சல் சார்பு அதற்கு அடிப்படை. கணினி வரைகலையில் மேகம், பளிங்கு, நீர் எல்லாவற்றுக்கும் பயன்பட்ட அந்தச் சார்புக்காக அவருக்கு 1997-இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

டைப் என்ற இடத்தில் ஃப்ராக்டல்-நாய்ஸ் என்றே எழுதுங்கள். டர்புலன்ஸ் என்று எழுதினால் மதிப்புகள் பெரும்பாலும் நடுப்புள்ளிக்குக் கீழேயே தங்கிவிடுவதால் படம் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்துவிடும். பேஸ்-ஃப்ரீக்வென்சி இரண்டு எண்களை ஏற்கும்: கிடைமட்டத்துக்கு 0.008, செங்குத்துக்கு 0.09. முதல் எண் சிறியதாக இருப்பதால்தான் சொரசொரப்பு கிடையாக நீண்டு அலைக்கீற்று போலாகிறது. நம்-ஆக்டேவ்ஸ் 2 போதும்.

அடுத்து எஃப்ஈ-டிஸ்ப்ளேஸ்மென்ட்-மேப். இது சொரசொரப்பின் நிற மதிப்பைப் பார்த்துப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நகர்த்துகிறது. நிற மதிப்பிலிருந்து 0.5-ஐக் கழித்து, ஸ்கேல் எண்ணால் பெருக்குவதே கணக்கு. ஆக, ஸ்கேல் 14 என்றால் ஒரு புள்ளி அதிகபட்சம் 7 பிக்சல் மேலோ கீழோ போகும். இந்த ஸ்கேல் கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் பொதுவானது. தனித்தனியே எண் கொடுக்க முடியாது. செங்குத்தாக மட்டும் அசைக்க வேண்டும் என்ற நம் விதியைக் காப்பாற்ற, இரண்டுக்கும் இடையே எஃப்ஈ-கலர்-மேட்ரிக்ஸ் ஒன்றைச் செருகி, சிவப்பை எல்லா இடத்திலும் 0.5 ஆக்கிவிடுகிறேன். அதற்கான 20 எண்கள், ஐந்தைந்தாக:

0 0 0 0 0.5
0 1 0 0 0
0 0 0 0 0.5
0 0 0 0 1

இதன்பின் எக்ஸ்-சேனல்-செலக்டருக்கு சிவப்பையும் ஒய்-சேனல்-செலக்டருக்குப் பச்சையையும் கொடுத்தால், 0.5 கழித்த சிவப்பு சுழியாகிக் கிடை அசைவு நின்றுவிடும். பச்சை மட்டும் மேலும் கீழும் அசைக்கும். வடிகட்டியின் கலர்-இன்டர்பொலேஷன்-ஃபில்டர்ஸ் பண்பை எஸ்ஆர்ஜிபி என்று வைக்க மறக்க வேண்டாம். வடிகட்டியைத் தாங்கும் எஸ்விஜி உறுப்பை மறைக்க டிஸ்ப்ளே நன் பயன்படுத்தாமல், அகலமும் உயரமும் 0 என்று கொடுங்கள்.

விளிம்பில் ஒரு தொல்லை வரும். நீர்க்கோட்டுக்கு அருகே உள்ள புள்ளிகள் படத்துக்கு வெளியேயிருந்து நிறத்தைத் தேடும்போது வெறுமை கிடைத்து, கோடு அரித்தது போலாகும். நீரை 7 பிக்சல் மேலே தள்ளி, மூலப் படத்துக்கு அடியில் செருகிவிட்டால் அரித்த பகுதி மறைந்துவிடும். அதற்கு மூலப் படத்துக்கு பொசிஷன் ரிலேட்டிவும் சற்று உயர்ந்த இசட்-இண்டெக்ஸும் வேண்டும். ஈரக் கோட்டுக்கான கிரேடியன்ட்டையும் அதே 7 பிக்சல் கீழே இறக்கிவிடுங்கள்.

பேஸ்-ஃப்ரீக்வென்சி எண்ணைக் காலத்தோடு மாற்றி இந்த நீரையே அசைக்கலாம் என்று சில வழிகாட்டிகள் சொல்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எண் மாறும்போது சொரசொரப்பு ஒரு மூலையிலிருந்து விரிந்து சுருங்குகிறதே தவிர நகர்வதில்லை. ஒவ்வொரு நொடியும் பலமுறை முழு இரைச்சலையும் கணக்கிட வேண்டியிருப்பதால் கைப்பேசியின் மின்கலமும் வீணாகும்.

அலையும் நீர்

உண்மையாக அலைய வேண்டுமானால், நிரல் வழியே படம் வரையும் பரப்பான கேன்வாஸ் வேண்டும். கருத்து எளிது: கவிழ்ந்த படத்தைக் கிடையாக ஒரு பிக்சல் உயரமுள்ள கீற்றுகளாக நறுக்கி, ஒவ்வொரு கீற்றையும் அதன் சரியான இடத்திலிருந்து எடுக்காமல், சைன் அலை சொல்லும் அளவுக்குச் சற்று மேலேயிருந்தோ கீழேயிருந்தோ எடுத்து வரைய வேண்டும்.

படம் முழுவதும் இறங்கியபின், கண்ணுக்குத் தெரியாத கேன்வாஸ் ஒன்றை 720-க்கு 480 அளவில் உருவாக்கி, அதில் டிரான்ஸ்லேட் 0, 480 என்றும் ஸ்கேல் 1, -1 என்றும் கொடுத்து டிரா-இமேஜால் படத்தை ஒரே ஒரு முறை வரைந்துகொள்ளுங்கள். கவிழ்ப்பதும் அளவு சுருக்குவதும் அத்துடன் முடிந்தன. பெரிய மூலக் கோப்பை ஒவ்வொரு சட்டத்திலும் (அதாவது அசைவின் ஒவ்வொரு வரைதலிலும்) சுருக்கிக்கொண்டிருப்பதுதான் பலருடைய நிரல் தடுமாறக் காரணம். இனிக் கண்ணுக்குத் தெரியும் கேன்வாஸ், 720-க்கு 300, நீர் டிவ்வுக்குள் கவிழ்ந்த படத்தின்மேல் சரியாகப் பொருந்தும்படி வைக்கப்பட வேண்டும். சிற்றலை வடிகட்டியையும் 7 பிக்சல் மேல்தள்ளலையும் செய்திருந்தால், கேன்வாஸ் வரும் பக்கத்தில் இரண்டையும் நீக்கிவிடுங்கள்; இங்கே அவை தேவையில்லை.

நீர்க்கோட்டிலிருந்து எண்ணிவரும் ஒவ்வொரு வரிசைக்கும் முதலில் ஆழ விகிதத்தைக் கணக்கிடுங்கள்: வரிசை எண்ணை 300-ஆல் வகுத்தால் அது 0-இலிருந்து 1 வரை போகும். அலையின் வீச்சு, 1 கூட்டல் 9 பெருக்கல் ஆழம். அதாவது நீர்க்கோட்டில் 1 பிக்சல், அடியில் 10 பிக்சல். அலையின் கோணம், 20-ஐ ஆழம் கூட்டல் 0.4-ஆல் வகுத்து வருவதோடு, கடந்த நொடிகளின் இருமடங்கைக் கூட்டியது. கீற்றின் நகர்வு, வீச்சு பெருக்கல் கோணத்தின் சைன்.

அந்த வகுத்தலில்தான் குளத்தின் தொலைவு அடங்கியிருக்கிறது. ஆழம் சிறிதாக இருக்கும் இடத்தில் கோணம் விரைவாக மாறுவதால் நீர்க்கோட்டருகே ஓர் அலையின் நீளம் சுமார் 15 பிக்சலாகவும், சட்டகத்தின் அடியில் சுமார் 185 பிக்சலாகவும் அமையும். முன்பு குளக்கரையில் பார்த்த நெருக்கமும் அகலமும் இந்த ஒரே கோவையில் வந்துவிடுகின்றன. காலத்தைக் கூட்டினால் அலைகள் நம்மை நோக்கி வரும். கழித்தால் அக்கரை நோக்கிப் போகும். எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்பதை மரங்களின் சாய்வைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எண்களை மாற்றும்போது ஒரு வரம்பை மனத்தில் வையுங்கள். எந்த இடத்திலும் வீச்சு, அங்குள்ள அலை நீளத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிம்பம் தன்மேல் தானே மடிந்து, ஒரே தூண் இரண்டாகவும் மூன்றாகவும் துண்டுபட்டுத் தெரியும். நல்ல காற்றுள்ள நாளில் உண்மைக் குளத்திலும் இது நடப்பதுதான் என்றாலும், ஒற்றைப் பிக்சல் கீற்றுகளில் அது கிழிந்த படமாகத் தெரிகிறது.

ஒரே ஒரு சைன் அலை சிறிது நேரத்தில் அலுத்துவிடும். அடுத்து எங்கே மேடு வரும் என்று கண் கணித்துவிடும். எனவே இரண்டாவது அலை ஒன்றைக் கூட்டுங்கள்: வீச்சு முதல் அலையில் 0.3 பங்கு, 20-க்குப் பதில் 34, காலத்துக்கு 2-க்குப் பதில் 3.1. இரண்டின் வேகங்களும் எளிய முழு எண் விகிதத்தில் அமையாததால் கோலம் எளிதில் திரும்ப வராது. மேலே சொன்ன வரம்பையும் இந்தக் கூட்டு மீறுவதில்லை.

இனி வரைதல். டிரா-இமேஜின் ஒன்பது உள்ளீடுகளில் முதலாவது மறைவான கேன்வாஸ். எடுக்கும் செவ்வகம்: இடது 0, மேல் என்பது வரிசை எண் கூட்டல் நகர்வு, அகலம் 720, உயரம் 1. வைக்கும் செவ்வகம்: இடது 0, மேல் என்பது வரிசை எண், அகலம் 720, உயரம் 1. எடுக்கும் வரிசை 0-க்குக் கீழே போனால் 0 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடியில் அந்தக் கவலை இல்லை. 300-ஆவது வரிசைக்குக் கீழே மறைவான கேன்வாஸில் இன்னும் 180 வரிசைகள் காத்திருக்கின்றன. எல்லாக் கீற்றுகளும் முடிந்தபின் முழுப் பரப்பின் மேலும் கரும்பச்சைக் கிரேடியன்ட் ஒன்றைப் பூசுங்கள்: மேலே 8 விழுக்காடு, அடியில் 45 விழுக்காடு. கேன்வாஸ் வந்தபின் பழைய மாஸ்க்கை எடுத்துவிட்டு, மங்கலை இந்தப் பூச்சே பார்த்துக்கொள்ளும்படி விடலாம்.

இந்த வேலையை ரெக்வெஸ்ட்-அனிமேஷன்-ஃப்ரேம் மூலம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அது ஒவ்வொரு அழைப்பிலும் மில்லிநொடியில் நேரத்தைத் தருகிறது; காலத்துக்கு அதையே 1000-ஆல் வகுத்துப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு சிறு எண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களின் குளம், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் அமைதியாகவும் 120 முறை புதுப்பிக்கும் திரையில் வெள்ளம் போலவும் ஓடும். 300 கீற்றுகளை நொடிக்கு 60 முறை வரைவது என்பது 18,000 வரைதல்கள். முந்தைய சட்டத்திலிருந்து 33 மில்லிநொடி ஆகாவிட்டால் வரையாமல் திரும்பிவிடுவது என்று ஒரு வரி சேர்த்தால் அது பாதியாகக் குறையும். மெல்லிய அலையில் வேறுபாடு தெரியாது. கூர்மையான திரைகளுக்காகக் கேன்வாஸை இருமடங்கு பெரிதாக்க வேண்டிய தேவையும் இங்கே இல்லை. நீர் மூலத்தைவிட மங்கலாக இருப்பது இயல்புதான்.

படம் வேறு தளத்திலிருந்து வந்தால் கேன்வாஸ் கறைபட்டுவிடும் என்று படித்திருப்பீர்கள். அது பிக்சல்களைத் திரும்பப் படிப்பவர்களுக்கான தடை. நாம் வரைய மட்டுமே செய்கிறோம், எதையும் படிப்பதில்லை. ஆகவே நமக்கு அது குறுக்கே வராது.

அசைவை நிறுத்தும் வசதி

அசைவைக் கண்டால் தலைசுற்றல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கள் கருவியில் அசைவைக் குறைக்கும்படி அவர்கள் சொல்லிவைத்திருந்தால், பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் என்ற ஊடக வினவல் அதை நமக்குத் தெரிவிக்கும். விடை ஆம் என்றால் கேன்வாஸைத் தொடங்கவே வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒரு நிறுத்தப் பொத்தான் வேண்டும். தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் ஓடும் அசைவுக்கு அந்த வசதியை இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் அடிப்படை நிலையிலேயே கேட்கின்றன. பொத்தானைச் சட்டகத்தின் வெள்ளை அட்டையில், வலது மூலையில் சிறிதாக வைத்தால் காட்சியைக் கெடுக்காது. வாசகர் பக்கத்தை உருட்டிக் கீழே போய்விட்டால் வரைவதை நிறுத்த இன்டர்செக்ஷன்-அப்சர்வர் உதவும். ஒரே பக்கத்தில் இப்படி நான்கைந்து சட்டகங்கள் இருந்தால் இது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஒரு பக்கத்துக்கு ஒரு குளம் போதும்.

கேன்வாஸுக்குத் தொடக்கத்தில் ஒபாசிட்டி 0 கொடுத்துவிட்டு, முதல் சட்டம் வரைந்து முடிந்தபின் அரை நொடியில் 1-க்குக் கொண்டுவாருங்கள். மாஸ்க்கை எடுப்பதையும் அந்த நொடியிலேயே நிரல் செய்யட்டும். கவிழ்ந்த படத்தை அடியில் அப்படியே விட்டுவைத்தால், ஜாவாஸ்கிரிப்ட் இயங்காத உலாவியிலும், அசைவு வேண்டாம் என்றவர் திரையிலும், காகிதத்தில் அச்சிடும்போதும் சட்டகத்துக்குள் அசையாத நீர் எஞ்சி நிற்கும்.